நாயின் உணவும் பீங்கான் மூசையும்

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ரயில் சந்திப்பு என்பார் சிலர். பழமலைநாதர் கோயில் என்பார் சிலர். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள இவ்வூருக்கு வேறு இரண்டு அடையாளங்களும் உண்டு. ஒன்று, சுற்று வட்டாரப் புன்செய்களிலிருந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து சேரும் மணிலாக் கொட்டை. அந்தப் பக்கத்து மக்களின் வாயில் அது 'மல்லாட்டை'. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருப்பதால், 'வி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளைத் தாங்கிய நிலக்கடலை இரகங்களை உழவர்கள் நன்கு அறிவர். மற்றொன்று களிமண். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளிலிருந்து பொம்மைகளும் பிற பீங்கான் பொருள்களும் வெளிவருகின்றன. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு உண்டு.

மல்லாட்டையும் களிமண்ணும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் என்றே எண்ணுவோம். ஆனால் இவை இரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அது நாய்த் தீவனப் பை! நிலக்கடலைப் புண்ணாக்கு புரதத்துக்காக அதில் சேர்க்கப்பட்டது. களிமண் வேறு காரணங்களுக்காகச் சேர்க்கப்பட்டது. அப்பையிலுள்ள உணவைச் சோதிக்க வேதியியலார் கையிலெடுக்கும் சிறு கிண்ணமும் பீங்கானே. அந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய சோறும் மோரும் எலும்பும் தின்று வளர்ந்த நம் நாய்களுக்கு இன்று சிற்றூர்க் கடைகளிலும் அச்சிட்ட பைகளில் தீவனம் கிடைக்கிறது. அத்தகைய பை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கச்சாப் புரதம் இத்தனை சதவீதம், கச்சாக் கொழுப்பு இத்தனை, கச்சா நார், ஈரம், சாம்பல் என்று ஒரு பட்டியல் காணப்படும். 'கச்சா' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது.

பட்டியல் பிறந்த கதை

நாய்க்கெனத் தொழிற்சாலையில் உணவு செய்து விற்ற முதல்வர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். மின்னல் தாங்கிகளை விற்பதற்காக லண்டன் சென்றவர் அவர் என்பர். துறைமுகத்தில் மாலுமிகள் வீசியெறிந்த கெட்டி ரொட்டிகளை நாய்கள் பாய்ந்து தின்பதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாம். 1860-களின் தொடக்கத்தில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து ரொட்டி சுட்டு விற்றார். அதில் சேர்ந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் வெளியே சொல்லவில்லை என்று கூறப்படுகிறது. ஆக, பைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் நாய்த் தீவனத் தொழிலும் கூடவே பிறந்தவை எனலாம்.

அதே காலத்தில் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரையடுத்த வேண்டே என்னும் ஊரில் ஹென்னபெர்க், ஸ்டோமன் என்ற இருவர் மாட்டுத் தீவனத்தைப் பகுத்தறிய ஒரு முறையை வகுத்தனர். உலர்த்தினால் குறையும் எடை ஈரம். ஈதரில் கரைவது கொழுப்பு. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்தபின் எஞ்சுவது நார். பீங்கான் மூசையிலிட்டுச் சுமார் 550 அல்லது 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். நம் கையிலுள்ள பையின் பட்டியல் இன்றும் ஏறக்குறைய அந்தப் பட்டியலே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது மாறாதிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சாம்பல் சோதனையை எளிதாக எண்ணிவிட வேண்டாம். எலும்பு மிகுதியாக அரைத்துச் சேர்க்கப்பட்டிருந்தால் சாம்பல் கூடும். அந்தச் சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் எலும்பின் சுண்ணாம்பு கரைந்துவிடும்; மணல் கரையாது. எனவே எடையைக் கூட்ட மண்ணைக் கலப்பவன் மூசையில் அகப்பட்டுக்கொள்வான். மூசை மட்டும் சிறிதும் மாறாமல் நிற்கும். ஏற்கெனவே அதைவிடக் கடுமையான சூளையில் வெந்து வந்த பொருள் அல்லவா அது?

புரதத்தின் கதை வேறு. புரதத்தை நேரே பிரித்தெடுத்து அளப்பது கடினம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பாலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் 1883-இல் ஒரு குறுக்கு வழி கண்டார். பொருளை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவின் உருவில் சிக்கும், அதை அளந்துவிடலாம். புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 சதவீதம். ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். கச்சாப் புரதம் என்பது இவ்வாறு கணக்கிடப்பட்ட எண். உண்மையில் அளக்கப்பட்டது நைட்ரஜன். புரதம் என்பது ஊகம். கெல்டாலைக் குறை சொல்வதற்கில்லை. பார்லியைப் போன்ற நேர்மையான பொருளுக்கு அம்முறை நேர்மையான விடையே தந்தது. பிற்காலத்தில் அந்த ஊகத்துக்குள் ஒருவர் புகுந்துகொண்டதை அப்புறம் பார்ப்போம்.

கல்லீரலைத் தின்ற மர்மம்

1952-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் நாய்களிடையே ஒரு நோய் பரவியது. உணவு செல்லாது, கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சில நாட்களில் மரணம். அறுத்துப் பார்த்தால் கல்லீரல் அழிந்திருக்கும். கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் தெரியாததால் கால்நடை மருத்துவர்கள் அதற்குக் 'கல்லீரல் அழற்சி எக்ஸ்' என்று பெயர் வைத்தனர். கணக்கில் தெரியாத அளவுக்கு எக்ஸ் என்று பெயரிடுகிறோமே, அதுபோல. ஐயத்துக்குரிய தீவனத்தை நலமான நாய்களுக்குக் கொடுத்து அதே நோயை உண்டாக்க முடியும் என்று நியூபர்னும் அவருடைய துணைவர்களும் 1955-இல் காட்டினர். குற்றவாளி தீவனத்துக்குள் இருக்கிறான் என்பது உறுதியாயிற்று. அதில் சேர்ந்த நிலக்கடலைப் புண்ணாக்கின் மீது ஐயமும் விழுந்தது. ஆனால் ஈரம், கொழுப்பு, புரதம், நார், சாம்பல் ஆகிய எல்லா எண்களும் சரியாகவே இருந்தன!

விடை வேறோரிடத்திலிருந்து வந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அங்கும் முதலில் எக்ஸ் நோய் என்றே பெயரிட்டனர். இறந்த பறவைகள் தின்ற தீவனத்தைத் தொடர்ந்து சென்றால் அது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த பூஞ்சணம் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று 1961-இல் கண்டறியப்பட்டது. அது சுரக்கும் நஞ்சுக்கு அப்பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் சூட்டினர். புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்வது 'பி', பச்சையாக ஒளிர்வது 'ஜி'. இவற்றுள் 'பி1' கொடியது. அதை நாய்களுக்குக் கொடுத்தபோது அந்தப் பழைய மர்ம நோய் அப்படியே தோன்றிற்று. 1966-இல் இம்முடிவு வெளியானபோது, முதல் நாய்கள் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த நஞ்சின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாயின் எடையில் கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை ஒரே வேளையில் உட்சென்றால், அவ்வாறு உண்ட நாய்களில் பாதி இறந்துபோகும். இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு 10 முதல் 20 மில்லிகிராம். ஓர் உப்புச் சிட்டிகையில் ஒரு சிறு பங்கு! தீவன மூட்டையில் இத்தகைய துளியைக் கண்ணாலோ மூக்காலோ நாவாலோ அறிய முடியாது. அடுப்பிலிட்டு வேகவைத்தாலும் அழியாது. தீவனத்தை நீராவியில் வேகவைத்து உருண்டைகளாகப் பிழியும் எந்திரத்தின் வெப்பமும் அதற்குப் போதாது.

மல்லாட்டையில் இப்பூஞ்சணம் எப்பொழுது குடியேறுகிறது? காய் மண்ணுக்குள் முற்றும் வேளையில் வறட்சி வந்தால் ஓடு வெடித்துப் பூஞ்சணம் நுழையும். பிடுங்கிய பிறகு மழையில் நனைந்து ஈரத்தோடு குவித்தால் பெருகும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும் வரை காயவைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அறிவியல் காரணம் உண்டு: ஈரம் எட்டு, ஒன்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சணம் வளர வழியில்லை. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெயில் வருவது சிறிதே. காரம் சேர்த்துச் சுத்திகரித்தால் அதுவும் நீங்கும். செக்கு எண்ணெயை விரும்புவோர் பருப்பின் தரத்தைப் பார்த்து வாங்குவது இதனால் நல்லது.

ஒரே தட்டில் உண்டவர்கள்

இது நாய்க்கும் வான்கோழிக்கும் வந்த துன்பம், நமக்கென்ன என்று கேட்போருக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோக்கும் மகோதரமும் பரவின. 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். முதலில் தொற்று நோயோ என்றுதான் ஐயுற்றனர். ஆனால் ஒரு குறிப்பு மருத்துவர்களை வேறு திசையில் திருப்பிற்று: அவ்வீடுகளின் நாய்களும் அதேபோல் வயிறு வீங்கி, மஞ்சளாகி இறந்துகொண்டிருந்தன. மனிதனுக்கு வரும் தொற்றுக் காமாலை நாயைத் தொடுவதில்லை. ஆகவே மனிதனும் நாயும் பகிர்ந்துகொண்ட பொருளைத் தேட வேண்டும். அது மக்காச்சோளம். அறுவடைக்கு முன் பருவந்தவறிப் பெய்த மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த சோளம். ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தார் சோதித்தபோது கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு இன்றுள்ள வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அதாவது அந்த வரம்பைப் போல முந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட நஞ்சை அம்மக்கள் ரொட்டியாகச் சுட்டு உண்டார்கள்! வேறு உணவு வாங்க அவர்களிடம் வழியில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நாய் ஏன் திரும்பத் திரும்ப முதலில் அகப்படுகிறது? அதன் உடல் இந்நஞ்சுக்கு மிகவும் இளகியது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது. நாம் காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இடையில் வேறு ஏதோ என்று பலவும் உண்கிறோம். ஒன்றில் குற்றமிருந்தாலும் அதன் பங்கு குறைவு. பைத் தீவனத்தில் வளரும் நாயோ ஒரே பையை நாள்தோறும் உண்கிறது. பையில் உள்ள குற்றம் முழுவதும் அதன் மேல் இறங்குகிறது. பன்ஸ்வாராவின் ஏழைகளும் அப்படியே. அவர்களுக்குச் சோளமே மூன்று வேளையும். தாய்ப்பாலின்றிப் புட்டிப்பால் அருந்தும் குழந்தைக்கும் அந்த நிலைமைதான். புரதக் குறை நோயுற்ற குழந்தைகளுக்கு மருந்துபோலக் கொடுக்கப்பட்ட நிலக்கடலை மாவில் இந்நஞ்சு கலந்திருந்ததையும், அவர்களுடைய கல்லீரல் பழுதுற்றதையும் மைசூர் மருத்துவர்கள் 1971-இல் எழுதினர்.

எண்ணுக்குள் புகுந்த பிளாஸ்டிக்

கெல்டாலின் ஊகத்துக்கு வருவோம். 'மெலமைன்' என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கீழே விழுந்தாலும் உடையாத தட்டுகளையும் கோப்பைகளையும் அதைக்கொண்டு செய்த பிசினில் வார்க்கிறார்கள். பீங்கான் கோப்பைக்குச் சந்தையில் போட்டியாக வந்த பொருள் அது. விருத்தாசலத்துச் சூளைக்காரர்களுக்கு அதன்மீது பிரியமிருக்க நியாயமில்லை. மெலமைன் மூலக்கூறின் எடை 126. அதில் நைட்ரஜன் மட்டும் 84, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இதை 6.25-ஆல் பெருக்கிப் பாருங்கள். 416 சதவீதம் புரதம்! எந்த இறைச்சியும் எந்தப் பருப்பும் நூறைத் தாண்ட முடியாது; வெள்ளைத் தூளொன்று நானூறைத் தாண்டுகிறது. மலிவான மாவில் இதைச் சிறிது தூவினால் காகிதத்தில் புரதம் எகிறும்.

2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கின. ஒரே நிறுவனம் ஆறு கோடிக்கு மேற்பட்ட டப்பிகளையும் உறைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பல பெயர்களில், பல விலைகளில் விற்ற உணவுகள் ஒரே ஆலையில் அடைக்கப்பட்டவை என்பது அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்று சொல்லி வாங்கிய சரக்கு, உண்மையில் மெலமைன் கலந்த வெறும் கோதுமை மாவு. மெலமைன் தனியாக அவ்வளவு கொடியதன்று. அதோடு கலந்திருந்த சயனூரிக் அமிலத்துடன் சேர்ந்து அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக உறைந்து அடைத்துவிட்டது.

இதில் ஒரு கிளைக் கதையும் உண்டு. 2004-இல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் இதேபோல் இறந்திருந்தன. அப்பொழுது பூஞ்சண நஞ்சே காரணம் என்று கருதிக் கோப்பை மூடினர். 2007-க்குப் பின் பழைய திசு மாதிரிகளை எடுத்துப் பார்த்தால், அவற்றிலும் அதே படிகங்கள்! முதலில் நேர்ந்த இறப்புகளைச் சரியாகப் படித்திருந்தால் பின்னால் நேர்ந்தவற்றைத் தடுத்திருக்கலாம். 2008-இல் சீனாவில் அதே தூள் குழந்தைகளுக்கான பால் மாவில் வந்தது. நீர் கலந்த பாலின் புரதக் கணக்கை நிரப்ப அதைச் சேர்த்திருந்தனர். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர்; ஆறு குழந்தைகள் இறந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியா சீனப் பால் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

களிமண் செய்த உதவியும் தீங்கும்

இனி களிமண். தீவனத்தில் கலந்த அஃப்ளாடாக்சினைக் குடலுக்குள்ளேயே பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றக் களிமண் உதவும் என்று 1980-களின் இறுதியில் டெக்சாஸ் ஆய்வாளர்கள் காட்டினர். எல்லாக் களிமண்ணும் அல்ல. பீங்கானுக்கு உரிய சீனக் களிமண்ணின் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடப்பவை; அவற்றுக்கிடையே நஞ்சு நுழைய இடமில்லை. குயவர்கள் குழைவுக்காகச் சிறிதளவு சேர்க்கும் பென்டோனைட் போன்ற களிமண்களின் ஏடுகள் நீரில் விரிந்துகொடுப்பவை. அஃப்ளாடாக்சின் அந்த இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். இந்த இனக் களிமண்ணைக் கலந்த உணவைத் தின்ற நாய்களின் சிறுநீரில் நஞ்சின் எச்சம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2004-இல் ஓர் ஆய்வு கூறியது. பாதிதான், முழுதும் அல்ல. கெட்ட தானியத்தை வாங்கிக் களிமண்ணால் சரிக்கட்டலாம் என்று எவராவது கணக்கிட்டால் அக்கணக்கு பொய்த்துவிடும்.

களிமண்ணே குற்றவாளியாக நின்றதும் உண்டு. 1997-இல் அமெரிக்கக் கோழி இறைச்சியிலும் வளர்ப்பு மீனிலும் டையாக்சின் என்ற நஞ்சு தென்பட்டது. தேடிச் சென்றால் மிசிசிப்பி மாநிலத்துச் சுரங்கம் ஒன்றின் பந்துக் களிமண்ணில் போய் நின்றது. பீங்கான் தொழிலில் பழகியவர்களுக்கு அதன் பெயர் நன்றாகத் தெரியும். கலவைக்குக் குழைவும் உறுதியும் தருவது அதுதான். சோயாப் புண்ணாக்கு கட்டி பிடிக்காமலிருக்க அக்களிமண்ணைக் கலந்திருந்தனர். 2004-இல் நெதர்லாந்தில் பசும்பாலில் டையாக்சின் கண்டனர். உருளைக்கிழங்கு ஆலையில் கிழங்குகளைக் களிமண் கரைசலில் மிதக்கவிட்டுத் தரம் பிரித்தார்கள்; தோல் மாடுகளுக்குப் போயிற்று. எல்லாச் சுரங்கங்களிலும் இந்நஞ்சு இருப்பதாக அஞ்ச வேண்டாம். கோப்பையாகச் சுடும்போது சூளையின் வெப்பத்தில் டையாக்சின் சிதைந்துபோகும். தீவனத்தில் கலந்த களிமண்ணுக்குத்தான் சூளை கிடையாதே!

துணைச் சத்துப் பொடிகளைப் பற்றியும் இரண்டொரு சொல். எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கில மருத்துவர் முதல் உலகப் போர்க் காலத்தில் நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சியைக் கொடுத்து எலும்புருக்கச் செய்து, மீனெண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். வைட்டமின் டி-யை மனிதன் அறிந்துகொண்ட வழி அது. அதே வைட்டமின், கலவைப் பொடியில் அளவு மீறிப் போனதால் 2019-இல் அமெரிக்காவில் டப்பி உணவுகள் பல திரும்பப் பெறப்பட்டன. எலும்புத் தூளும் குற்றமற்றதன்று. விலங்கு தன் வாழ்நாளில் உட்கொண்ட ஈயம் எலும்பில்தான் தங்குகிறது. மூசையில் எரித்தால் ஈயமும் சுண்ணாம்பும் சேர்ந்து 'சாம்பல்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

நாய்கள் இறப்பது நின்றுவிடவில்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மக்காச்சோளம் சேர்ந்த தீவனத்தால் மீண்டும் அஃப்ளாடாக்சின் பரவி, 2021 ஜனவரிக்குள் 110-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு அரசு நிறுவனம் அறிவித்தது. அங்கு வரம்பும் சோதனையும் இருந்தும் இந்நிலை. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கிவிட்டது.

நீங்கள் விருத்தாசலத்து விற்பனைக் கூடத்துக்குப் போனால் உடைத்த பருப்பைத் தரம் பார்ப்பதைக் கவனியுங்கள். திரண்ட பருப்பு விதைக்கும் வறுகடலைக்கும் தனியே போகிறது. சுருங்கியது, நிறம் மங்கியது, முனை கறுத்தது ஆகியவை ஒதுக்கப்படும். அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் இந்த ஒதுக்கலில்தான் குவிந்திருக்கும். ஒதுக்கியதை யாரும் எறிவதில்லை. அது ஆட்டுவதற்குப் போகிறது. எண்ணெய் நமக்கு வருகிறது. புண்ணாக்கு தீவன ஆலைக்குச் செல்கிறது. அங்கே அதன் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கி, பையின் மீது அச்சிடுகிறார்கள்.